1.8 டர்போ பெட்ரோல்: ரியர் மெயின் சீல் மாத்தியும் ஆயில் ஒழுகல் நிக்கல, கிராங்க்கேஸ் பிரஷரா?

சேலம்_டர்போ:

வண்டி 2012 மாடல், 1.8 டிஎஸ்ஐ, இஏ888 ரெண்டாம் தலைமுறை எஞ்சின், மேனுவல் கியர்பாக்ஸ். ஓடினது 1,12,000 கி.மீ. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல அடியில ஆயில் சொட்டுது. கியர்பாக்ஸை இறக்கி ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டோட பின்முனையில ஆயிலைத் தடுக்கிற வளையம்) மாத்தியாச்சு. 4,000 கி.மீ. தாங்கல, அதே இடத்துல மறுபடி ஈரம்.

கூடவே இதெல்லாம் இருக்கு. ஸ்லோவில (ஐடிலிங்ல) நிக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். டிப்ஸ்டிக்கை உருவினா சத்தம் நின்னுடுது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கப் போனா உள்ளே இழுத்துப் பிடிக்குது. செக் எஞ்சின் லைட் எரியுது, கோடு பி0171 (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி). ஸ்கேனர்ல லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் தானா கூட்டிக் குறைக்கிற பெட்ரோல் அளவு) ஸ்லோவில +17%, 2,500 ஆர்பிஎம்ல +4%. ஆனா ஏற்காடு ஏறி இறங்கினா டிப்ஸ்டிக் ஒரு விரக்கடை மேல எழும்பி நிக்குது, அதைச் சுத்தி ஆயில் தெறிச்சிருக்கு. 1,000 கி.மீ.க்கு 400 மில்லி ஆயில் குறையுது. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது லேசா நீலப் புகை.

இன்டர்கூலர் ஹோஸ்ல ஆயில் இருக்கு, அதனால டர்போ போச்சு, மாத்தணும்னு ஒர்க்ஷாப்ல சொல்றாங்க. அவ்வளவு பணம் போடறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


டி30_டார்க்ஸ்:

டர்போவை இப்போதைக்கு விட்டுடுங்க சார். நீங்க எழுதினதுல ரெண்டு அறிகுறி ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்குது, துப்பு அங்கதான் இருக்கு. மூடி உள்ளே இழுக்குதுன்னா கிராங்க்கேஸ்ல (கிராங்க் சுத்துற எஞ்சின் அடிக்கூடு) வேக்கம், அதாவது உறிஞ்சல், அதிகம். மலை ஏறினதும் டிப்ஸ்டிக் எழும்புதுன்னா பிரஷர் அதிகம். ஒரே எஞ்சின்ல ரெண்டும் வருதுன்னா முதல் சந்தேகம் எஞ்சின் ஹெட் மேல உட்கார்ந்திருக்கிற பிசிவி மாட்யூல் (கிராங்க்கேஸ் வாயுவை வெளியேத்துற வால்வுத் தொகுதி). அதுல டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கும், மேனிஃபோல்டு (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்த் தொகுதி) பக்கத்து செக் வால்வும் (ஒரு பக்கம் மட்டும் விடற வால்வு) சரியா மூடாம இருக்கும்.

எப்படின்னா, எவ்வளவு நல்ல ரிங்கா இருந்தாலும் எரிஞ்ச வாயு கொஞ்சம் கீழே இறங்கிட்டேதான் இருக்கும். அது வெளியே போக வழி வேணும். டர்போ இல்லாத எஞ்சின்ல மேனிஃபோல்டு எப்பவும் உறிஞ்சும், வேலை சுலபம். டர்போவில அப்படி இல்ல. ஸ்லோவில மேனிஃபோல்டுல 600–700 மில்லிபார் வேக்கம் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா அதே இடத்துல பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தோட பிரஷர்) வந்துடும். அதனால ரெண்டு வழி வச்சிருக்காங்க. ஸ்லோவில வாயு மேனிஃபோல்டுக்குப் போகும். அந்த உறிஞ்சல் முழுசா கிராங்க்கேஸுக்குப் போகாம டயாஃப்ரம் மட்டுப்படுத்தும். பூஸ்ட் வந்ததும் மேனிஃபோல்டு பக்கத்து செக் வால்வு மூடிக்கும். வாயு பின்பக்கக் குழாய் வழியா டர்போ உறிஞ்சுற வாய்க்குப் போகும்.

டயாஃப்ரம் கிழிஞ்சா மேனிஃபோல்டு வேக்கம் நேரா கிராங்க்கேஸுக்கு வந்துடும். சீலோட உதடு உள்பக்கம் இழுபட்டு, வெளிக்காத்து அதை உரசிக்கிட்டு நுழையும். பெரும்பாலும் விசில் அங்கிருந்துதான் வருது. டிப்ஸ்டிக்கை உருவினா காத்துக்கு வேற வழி கிடைச்சுடுது, சத்தம் அடங்குது. அப்படிக் காய்ஞ்சு உரசுற உதடு சீக்கிரமே தேஞ்சுடும். உங்க புது சீல் 4,000 கி.மீ.க்குள்ள போனதுக்கு இதுவே போதும்.

ட்ரிம் கணக்கும் இதையேதான் சொல்லுது. ஏர் சென்சாரைத் தாண்டி திருட்டுக் காத்து நுழையுது. ஸ்லோவில எஞ்சின் இழுக்கிற மொத்தக் காத்தே கொஞ்சம்தான், அதனால அந்தக் கசிவு பெருசாத் தெரியும். 2,500ல மொத்தம் கூடுது, கசிவோட பங்கு சின்னதாயிடுது. பெட்ரோல் பம்பு பலவீனமா இருந்தா தலைகீழா, லோடு ஏற ஏற ட்ரிம் கூடியிருக்கும்.

செக் வால்வு மூடலைன்னா பூஸ்ட் நேரா கிராங்க்கேஸுக்குள்ள இறங்கும். டிப்ஸ்டிக் எழும்புறது அதனாலதான். இன்டர்கூலர் ஆயிலுக்கும் இங்கிருந்தே பதில் இருக்கு. டர்போ பேரிங்குக்கு ஆயில் பிரஷரோட வருது, ஆனா திரும்பிப் போறது வெறும் சரிவுல, தடிச்ச குழாய் வழியா சம்ப்புக்கு (அடியில இருக்கிற ஆயில் தொட்டி). ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் இருக்கிறது ரப்பர் சீல் இல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிசான இரும்பு வளையம். கீழே கிராங்க்கேஸ் பிரஷர் ஏறிடுச்சுன்னா ஆயில் இறங்க முடியாம நடு ஹவுசிங்ல தேங்கி, அந்த வளையத்தைத் தாண்டிடும். கம்ப்ரஸர் பக்கம் போனா இன்டர்கூலர் ஹோஸ்ல ஆயில், டர்பைன் பக்கம் போனா நீலப் புகை. இந்த நிலைமையில புது டர்போ போட்டாலும் அதுவும் இதையேதான் செய்யும்.

அளந்து பார்க்காம எதையும் கழற்றாதீங்க. கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் மூணு மீட்டர் வாங்குங்க. ஒரு பலகையில யு வடிவுல, ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர் வர்ற மாதிரி கட்டி, பாதி உயரத்துக்குக் கலர் தண்ணி விடுங்க. ரெண்டு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 மி.மீ. இருந்தா 1 மில்லிபார். எஞ்சினுக்கும் டியூபுக்கும் நடுவுல காலியா ஒரு கண்ணாடி பாட்டில் அவசியம். உங்க எஞ்சின் இழுக்கிற இழுப்புக்குத் தண்ணி உள்ளே போயிடும். பிளாஸ்டிக் பாட்டில் வச்சா சப்பையாயிடும்.

டிப்ஸ்டிக் குழாய்ல மாட்டலாம்னு தோணும். சில எஞ்சின்ல அந்தக் குழாயோட அடி ஆயிலுக்குள்ள முங்கியிருக்கும், ரீடிங் பொய் சொல்லும். பழைய ஆயில் மூடி ஒண்ணு வாங்கி, ஓட்டை போட்டு நிப்பிள் வச்சு அதுல மாட்டுறதுதான் நம்பகம். எஞ்சின் நல்லா சூடானப்புறம் பாருங்க. நல்ல எஞ்சின்ல ஸ்லோவில லேசான வேக்கம்தான் நிக்கும்; சரியான எல்லையை உங்க எஞ்சின் கோடுக்கு உள்ள ஒர்க்‌ஷாப் மேனுவல்ல பார்த்துக்கோங்க. அரை மீட்டரைத் தாண்டித் தண்ணி ஏறினா டயாஃப்ரம் கதை முடிஞ்சது.

இன்னொரு சுலபமான வழி: மாட்யூல்ல டயாஃப்ரம் மூடிக்குப் பக்கத்துல வெளிக்காத்துக்கான சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும். ஸ்லோவில விரலை வச்சுப் பாருங்க. நல்ல டயாஃப்ரமா இருந்தா அங்க இழுப்பே இருக்கக் கூடாது. விரலை இழுத்தாலோ, மூடினதும் விசில் மாறினாலோ வேற சோதனை வேண்டாம்.

லோடுல பார்க்க தண்ணி டியூப் சரிப்படாது. சின்ன டிஜிட்டல் மானோமீட்டர் (பிரஷர் அளக்கிற கருவி) ஒண்ணை ஹோஸோட காருக்குள்ள கொண்டு வாங்க. மூணாவது கியர், 2,000லேர்ந்து 4,500 வரைக்கும் முழு ஆக்சிலரேட்டர். ரீடிங்கைப் பக்கத்துல உட்கார்ந்தவர் பார்க்கட்டும், நீங்க ரோட்டைப் பாருங்க.


ஆயில்_சட்டி:

மேலே சொன்னது சரி. நான் கசிவு வரும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெல் ஹவுசிங்கில் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலுள்ள கூடு) ஈரம் என்றாலே ரியர் மெயின் சீல் என்று முடிவு கட்டக் கூடாது. இந்த எஞ்சினில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் இருக்கிறது. அதன் கேஸ்கெட் கசிந்தால் ஆயில் ஹெட்டின் பின்புறமாக வழிந்து பெல் ஹவுசிங்கில்தான் வந்து சேரும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அச்சு அசலாக ரியர் சீல் கசிவு போலத் தெரியும். கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அந்தப் பம்ப்பின் அடிவிளிம்பைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் பார்க்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

முறை இதுதான். டிகிரீசர் அடித்து எஞ்சினின் பின்புறத்தையும் அடியையும் கழுவிக் காயவிடுங்கள். ஆல்டர்னேட்டர், காயில், கனெக்டர்களைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். பிரஷர் வாட்டரை நேராக அடிக்க வேண்டாம். பிறகு ஆயிலுக்கான ஃப்ளோரசன்ட் டை (யுவி வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்) ஊற்றுங்கள். அளவு பாட்டிலில் போட்டிருக்கும்; இந்த எஞ்சினின் 4.6 லிட்டர் ஆயிலுக்குப் பொதுவாக 30 மில்லி போதும். 50 கி.மீ. ஓட்டிவிட்டு, இருட்டில், மஞ்சள் கண்ணாடி போட்டு யுவி டார்ச் அடியுங்கள். நிறைய ஓட்டினால் காற்று ஆயிலை எங்கும் பரப்பிவிடும், மூலம் தெரியாது. ஈரமாக இருக்கும் இடங்களில் மிக உயரமானதும், வண்டியின் முன்பக்கம் நோக்கியதுமே மூலம்.

ஆயில் ஃபில்டர் பிராக்கெட், மேல் செயின் கவர், கேம் அட்ஜஸ்டர் மேக்னெட் ஆகியவற்றையும் அதே டார்ச்சில் பார்த்துவிடுங்கள்.

யாராவது "கேம் கவர் பேக்கிங் மாற்றிவிடலாம்" என்றால் உஷார். இந்த எஞ்சினில் அந்தக் கவருக்கு ரப்பர் பேக்கிங் கிடையாது, லிக்விட் சீலன்ட்தான். கேம்ஷாஃப்டின் மேல்பக்க பேரிங்கும் அந்தக் கவரிலேயே இருக்கிறது. டைமிங்கைத் தொடாமல் கழற்றும் வேலை இல்லை அது.

இன்னொன்று: கிராங்க்கேஸுக்குள் கம்ப்ரஸர் காற்றை விட்டு சோப்பு நுரை பார்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ரெகுலேட்டர் இல்லாமல் செய்தால் நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஸ்மோக் மெஷின் வைத்தாலும் 0.05 பாருக்கு மேல் போக வேண்டாம்.


டீசல்_பாண்டி:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்னோடது 1.3 டீசல், 1,60,000 கி.மீ. ஸ்லோவில ஆயில் மூடியைத் திறந்தா புகையோட காத்து புஸ் புஸ்ஸுனு வருது. இதுக்கும் பிசிவிதானா?


டி30_டார்க்ஸ்:

பாண்டி அண்ணே, டீசல்ல பெட்ரோல் அளவுக்கு மேனிஃபோல்டு வேக்கம் கிடையாது. வாயு செப்பரேட்டர் வழியா டர்போ முன்னாடி இருக்கிற குழாய்க்குப் போகுது, அவ்வளவுதான். மூடியைத் திறந்தா கொஞ்சம் காத்து துடிக்கிறது சகஜம். மூடியைத் திருகாம தலைகீழா வாய்மேல வச்சுப் பாருங்க. லேசா ஆடினா கவலை வேண்டாம். தூக்கி எறிஞ்சா முதல்ல பிரீதர் ஹோஸைக் கழற்றி உள்ளே கசடு அடைச்சிருக்கான்னு பாருங்க. அது சுத்தமா இருந்து, ஹோஸைத் தனியா விட்டாலும் மூடி எறியுதுன்னா ரிங், இல்லைன்னா டர்போ.

டர்போவும் கிராங்க்கேஸுக்குப் பிரஷர் கொடுக்கும், பலர் இதை மறந்துடுறாங்க. டர்பைன் பக்க வளையம் தேஞ்சா எக்ஸாஸ்ட் வாயு ஆயில் ரிட்டர்ன் குழாய் வழியா சம்ப்புக்கு இறங்கும். ரிட்டர்ன் குழாயைப் பிளாக்லேர்ந்து கழற்றி, பிளாக் வாயை அடைச்சு, குழாயை ஒரு டப்பாவுக்குள்ள விட்டு ஸ்லோவில அரை நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாம். அந்த ஆயில் டப்பாவுக்குத்தான் போகும், அதனால லெவல் சரியா இருக்கணும், டப்பா கண்ணு முன்னாடியே இருக்கணும். மூடியில துடிப்பு நல்லா குறைஞ்சா குற்றவாளி டர்போ.

டீசல்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டர்கூலர்ல ஆயில் தேங்கினா எஞ்சின் அதையே எரிபொருளா எடுத்துக்கிட்டுத் தன்னால ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது. மேனுவல் வண்டியா இருந்தா பிரேக்கை முழுசா மிதிச்சு, மேல் கியர்ல போட்டு கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்தணும். பானட்டைத் திறந்து இன்டேக் குழாயில கையை வைக்கவே வைக்காதீங்க.


சேலம்_டர்போ:

ரெண்டு பேருக்கும் நன்றி. ரீடிங் எடுத்தாச்சு.

வேக்கம் பம்ப் அடி விளிம்பு காஞ்சு கிடக்கு. டை மேல எங்கயும் தெரியல, ஃபிளைவீல் பக்கத்துல மட்டும் பளபளன்னு இருக்கு. ஸ்லோவில தண்ணி வித்தியாசம் 900 மி.மீ. தாண்டி ஏறிக்கிட்டே இருந்தது, பயந்து கழற்றிட்டோம். சின்ன ஓட்டை விரலை இழுக்குது. லோடுல மூணாவது கியர்ல +60 மில்லிபார் வரைக்கும் போச்சு. ஆக்சிலரேட்டரை விட்டதும் சட்டுன்னு மைனஸுக்கு விழுந்துடுச்சு. இதுல ரிங் இல்லைன்னு எப்படி உறுதி பண்றது? ஆயில் வேற குறையுதே.


டி30_டார்க்ஸ்:

டயாஃப்ரம் உறுதி. +60 எங்கிருந்து வருதுன்னு பிரிக்க ஒரு வழி இருக்கு. மாட்யூல்லேர்ந்து மேனிஃபோல்டுக்குப் போற வழியை மட்டும் தற்காலிகமா அடைச்சுட்டு அதே ரோட்டுல, அதே கியர்ல திரும்ப ஓட்டுங்க. பூஸ்ட்ல பிரஷர் வராம மைனஸ் பக்கமோ பூஜ்யம் கிட்டவோ நின்னா, செக் வால்வு வழியாத்தான் வந்துட்டிருந்தது. அடைச்சும் 40, 50 காட்டினா ரெண்டு இடம் பாக்கி: டர்போ வாய்க்குப் போற பின்பக்கக் குழாய் அடைப்பு, இல்லைன்னா ரிங். குழாயைக் கழற்றி ஊதினாலே முதல் சந்தேகம் தீரும்.

ரிங்குக்கு லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காத்தை விட்டு எத்தனை சதவீதம் கசியுதுன்னு அளக்கிறது) எடுங்க, வெறும் கம்ப்ரஷன் டெஸ்ட் போதாது. எஞ்சின் சூடா இருக்கணும். சிலிண்டர் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல மேல் முனையில நிக்கணும், 7 பார் காத்து. காத்து விட்டதும் கிராங்க் சுத்திடும், அதனால கிராங்க் போல்ட்ல நீளமான பார் போட்டு ஒருத்தர் பிடிச்சுக்கணும், கையைப் பெல்ட் பக்கம் வைக்கக் கூடாது. 10%க்குள்ள இருந்தா நல்லது, 20% வரைக்கும் ஓட்டலாம், அதுக்கு மேல போனா காதை வச்சுக் கேளுங்க: ஆயில் மூடி வாயில காத்து சீறினா ரிங், த்ராட்டில்ல கேட்டா இன்டேக் வால்வு, சைலன்ஸர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்ட்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுதான்னு பாருங்க. மூணு 10லயும் ஒண்ணு 30லயும் நின்னா அந்த ஒண்ணுலதான் வேலை.

ஆயில் குறையறதைப் பத்தி: இந்தத் தலைமுறை எஞ்சின்ல ஆயில் ரிங்கோட வடிகால் ஓட்டைகள் கார்பன் பிடிச்சு அடையறது எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சனை. அதுல சிக்கல் என்னன்னா கம்ப்ரஷன் ரிங் நல்லா இருக்கும், லீக் டவுன்ல பாஸ் ஆயிடும், ஆயில் மட்டும் எரியும். அதனால இப்ப இருக்கிற 400 மில்லியை வச்சு முடிவு எடுக்காதீங்க. கிழிஞ்ச டயாஃப்ரமே மேனிஃபோல்டு வழியா நல்லா ஆயிலை உறிஞ்சும். மாட்யூல் மாத்தி, ஆயிலை மேல் கோட்டுக்குக் கொண்டு வந்து, 1,000 கி.மீ. கழிச்சு அளந்து பாருங்க. அப்பவும் அதே அளவு குறைஞ்சா ரிங் பேச்சை எடுக்கலாம்.

மாட்யூல் விலை டர்போவுக்குப் பக்கத்துலயே வராது, அதனால ஒரிஜினல், இல்லைன்னா நம்பகமான ஓஇஎம் (கார் கம்பெனிக்கே பார்ட் கொடுக்கிற) சப்ளையரோடதை வாங்குங்க. டூப்ளிகேட்ல டயாஃப்ரம் சீக்கிரமே விறைச்சுப் போகுது. மாட்டுறதுக்கு முன்னாடி மேனிஃபோல்டு வாயில வாயை வச்சு ஊதிப் பாருங்க. காத்து உள்ளே போகக் கூடாது. பழையதுலயும் ஊதிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். சூடா இருக்கும்போது பிளாஸ்டிக்கை நெம்பாதீங்க. சுத்தியிருக்கிற கசடைத் துடைச்சுட்டுக் கழற்றணும், அது ஓட்டை வழியா ஹெட்டுக்குள்ள விழக் கூடாது. புது கேஸ்கெட் போட்டு டி30 (நட்சத்திரத் தலை) போல்ட்டுகளை நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, ரெண்டு சுத்தா இறுக்குங்க. அலுமினியத் திரெட், 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். ராட்செட்ல கைக்கணக்கு வேண்டாம்.


ஆயில்_சட்டி:

சேர்த்து ஒன்று. ரியர் சீலை உடனே மாற்றக் கிளம்பாதீர்கள். மாட்யூல் மாறியதும் பெல் ஹவுசிங்கைக் கழுவித் துடைத்து, 500 கி.மீ. கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். உதடு பெரிதாகத் தேயவில்லை என்றால் கசிவு தானாகவே நின்றுவிட வாய்ப்பு உண்டு. நிற்காவிட்டால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்துச் செய்யலாம், கியர்பாக்ஸை ஒரே முறை இறக்கினால் போதும். ஆனால் கிளட்ச் தட்டில் ஆயில் பட்டு வழுக்க ஆரம்பித்துவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

டர்போவையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எஞ்சின் ஆறியதும் ஏர் ஹோஸைக் கழற்றி, கம்ப்ரஸர் நட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கும். ஆயில் படலத்துக்கான இடம் அது. பிளேடு சுவரில் உரசக் கூடாது, உரசிய தடமும் இருக்கக் கூடாது. முன்பின்னாக இழுத்தால் கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது. ஏர் ஃபில்டர் அடைந்திருந்தாலும் கம்ப்ரஸர் வாயில் வேக்கம் கூடி ஆயிலை இழுக்கும், அதையும் மாற்றுங்கள். ரிட்டர்ன் குழாய் எங்கும் நசுங்கி மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்டர்கூலரின் கீழ் ஹோஸைக் கழற்றித் தேங்கிய ஆயிலை வடித்துவிடுங்கள். உட்சுவரில் மெல்லிய படலம் இயல்பானது. கிண்ணத்தில் பிடிக்கும் அளவு வந்தால் இயல்பல்ல. வடிக்காமல் விட்டால் டர்போ நல்லதாக இருந்தும் இன்னும் சில நாள் நீலப் புகை வரும், பழி மறுபடி டர்போ மேல் விழும்.

கேட்ச் கேன் (வாயுவோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) போடச் சொல்லி யாராவது வருவார்கள். போடுவதானால் ஹோஸின் உள்விட்டம் கம்பெனிக் குழாயைவிடக் குறையக் கூடாது. 19 மி.மீ. குழாய் இருந்த இடத்தில் 10 மி.மீ. ஹோஸ் போட்டால் அதுவே கிராங்க்கேஸ் பிரஷரை ஏற்றும்.

எல்லாம் மாட்டியதும் பி0171 கோடை அழித்து, ஃபியூயல் ட்ரிம் கற்றலை ரீசெட் செய்யுங்கள். 100 கி.மீ. ஓட்டியபின் ஸ்லோவில் ட்ரிம் ±5%க்குள் வர வேண்டும். அதே லெவல் டியூபை மாட்டி ஸ்லோ ரீடிங்கும், மானோமீட்டரில் லோடு ரீடிங்கும் எடுத்து இங்கே போடுங்கள். மேனிஃபோல்டுக்குப் போகும் வழியை அடைத்து ஓட்டிய ரீடிங்கையும் சேர்த்துப் போட்டால், டர்போ பின்பக்கக் குழாயைத் தொட வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.